நிலைக்கதவு போட்ட அலமாரி

ஓட்டுக் கூரையைப் பிரிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாச் சாமானும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாரைகளில் கயிறு கட்டி, அரிவாள்மனையை ஒரு கோணிப்பையில், தீப்பெட்டியையும் கொசுவத்தியையும் ஒரு கூடையில், பினாயிலையும் சோப்புத் தூளையும் ஒரு வாளியில், மாத்திரைகளை ஒரு தூக்குச் சட்டியில் என்று தொங்கவிட்டிருந்தேன். எது வேண்டுமென்றாலும் தொரட்டியால் மாட்டி இறக்கவேண்டும். "இன்னாமே, இது வூடா, கருவாட்டுக் கடையா?" என்று பால் ஊற்றுகிறவள் கேட்டாள். சிரித்து வைத்தேன். வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

விளக்கம் ஒன்றும் பெரிசில்லை. என் மகளுக்குப் பதினொரு வயது. பேச்சு வரவில்லை. பசி, வலி, கோபம் எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போகும். மண், மெழுகுவர்த்தி, பேட்டரி, எண்ணெய்த் திரி, எதையும் விட்டதில்லை. போன மழைக்காலத்தில், நான் கொல்லையில் துணியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், பினாயில் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டாள். வாயெல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் நான் போட்ட கூச்சலில் ஆட்டோ ஓட்டினவர், "எம்மா, நீ கத்தினா என்னால ஓட்ட முடியாது" என்று அழுதேவிட்டார். பிழைத்தாள். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. கரும்புக்கும் நெல்லுக்கும் அடிக்கிற பூச்சி மருந்தும் இதே வீட்டில்தான் இருந்தது. அந்த டப்பா அவள் கைக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்து, ராத்திரியில் எழுந்து எழுந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

பீரோ வாங்கி வைத்துப் பூட்டலாமே என்பார்கள். வைத்தோம். பிடியில் காலை வைத்து ஏறினாள். பீரோ சாய்ந்தது. என் வீட்டுக்காரர் தோளைக் கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதோடு பீரோவும் போயிற்று, மர ஸ்டாண்டும் போயிற்று. தனியாக நிற்கிற எதையும் அவள் நிற்க விடமாட்டாள். சாமான் வைக்கிற இடம் சுவருக்குள் இருக்கவேண்டும், அதற்குக் கதவு இருக்கவேண்டும், கதவுக்குப் பூட்டு இருக்கவேண்டும். இது எங்களுக்கு அலங்காரமில்லை. அவள் உயிரோடு இருக்க அது ஒன்றுதான் வழி.

அந்தச் சமயத்தில்தான் கூரையும் கைவிட்டது. வாரைகளைக் கரையான் தின்று, ஓடுகள் நழுவி, மழை பெய்தால் கூடத்தில் பாத்திரம் வைக்க இடம் போதாது. ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடுவது என்று முடிவானது. ஷீட்டுக்கு இரும்புப் பைப், அதுவும் எட்டாத உயரத்தில். கயிறு கட்ட வாரை கிடையாது. மேஸ்திரி வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, தொங்கிக்கொண்டிருந்த மூட்டைகளையெல்லாம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்கக்கா போவும்?" என்று கேட்டார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அலமாரி போட்டுப் பாக்கலாம். அதுக்கும் மேல அவ கைக்கு எதுனா போச்சுன்னா, ஹோம்ல வுட்டுடுவோம். இதான் கடைசி."

ஹோம் என்பது டவுனுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு காப்பகம். ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, என்னிடம் சொல்லாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "சுத்தமா கீது. மூணு வேளையும் சோறு. நம்ம பொண்ணு மாரி நெறைய பேரு" என்றார். அவர் கெட்டவரில்லை. பினாயில் குடித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் முட்டி முட்டி அழுதவர். பயத்தில்தான் சொல்கிறார் என்று தெரியும். தெரிந்து என்ன? அவர் தட்டில் ஊற்றவேண்டிய ரசத்தை நான் கைதவறிக் கீழே ஊற்றினேன். கைதவறித்தான் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

என் பெண்ணை யாரோ ஒருவர் குளிப்பாட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் வயசுக்கு வருகிற நேரம் நெருங்கிவிட்டது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. யார் என்ன செய்தாலும் சொல்லத் தெரியாது. அந்த அலமாரியை நான் வசதிக்காகக் கேட்கவில்லை, பிச்சையாகக் கேட்டேன்.

அடுத்த பிரச்சினை சுவர். சாலைப் பக்கத்துச் சுவர் மழையில் ஊறி, விரலால் சுரண்டினால் உதிரும். அடுப்படிச் சுவர் ஒற்றைச் செங்கல், ஆணி அடித்தாலே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அலமாரி தாங்குகிற மாதிரி வீட்டில் இருந்தது நடுச்சுவர் ஒன்றுதான். காய்ந்த சுவர், முழங்கை நீளத்துக்குக் கனம். ஆனால் அந்தச் சுவர் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

மாமனார் போனபிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் குடும்பம். அண்ணனும் இப்போது இல்லை. அவர் மனைவி மட்டும்தான் இருக்கிறாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய ஒரே பெண்ணை நெட்டப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பங்கு பிரித்தபோது நடுச்சுவரில் இருந்த வாசலை அடைக்கவேண்டாம் என்று இரண்டு பக்கமும் விட்டுவிட்டோம். அந்த வாசல் வழியாகக் குழம்பு போகும், கறிவேப்பிலை வரும், என் மகள் போவாள்.

அவள் வளர்ந்ததெல்லாம் அந்தப் பக்கம்தான். என்னிடம் சோற்றைத் துப்புகிறவள் அக்கா கையால் உருட்டிக் கொடுத்தால் விழுங்குவாள். அக்கா அவளோடு விடாமல் பேசுவாள். பதில் வராது என்பதே அவளுக்கு ஒரு பொருட்டில்லை. "இன்னாடி, இன்னைக்கி மொறைக்கிற? கத்திரிக்கா புடிக்கலியா? புடிக்கலன்னா போ, எனக்கு மிச்சம்" என்று தானே கேட்டுத் தானே முடித்துக்கொள்வாள். நான் அந்த நேரத்தில் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வாழ்க்கை இருந்த காலம் அது.

ஒரு நாள் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேரன், அப்போதுதான் தவழ ஆரம்பித்தவன், அடுப்படியில் இருந்தான். என் மகள் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். கொதிக்கிற கஞ்சி அந்தக் குழந்தையின் காலில் கொட்டியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. காலில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. அதன் தாய், அக்காவின் பெண், "அது இந்தப் பக்கம் வந்தா நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அது என்று சொன்னது என் மகளை. நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவளும் பேசினாள். அக்கா யார் பக்கமும் பேசவில்லை. அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாள். ஒற்றை வரிசைச் செங்கல், அவள் பக்கத்துச் சுவரோடு ஒட்டி.

அதிலிருந்து பேச்சு இல்லை. நான் வேலையை விட்டேன். என் மகள் பல நாள் அந்த அடைத்த வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையால் செங்கல்லை அறைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாக அது குறைந்து நின்றுபோனது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்த இடத்தைத்தான் மேஸ்திரி கண்டுபிடித்தார். கனமான சுவரில் அந்தப் பக்கம் ஒற்றைச் செங்கல் போக, எங்கள் பக்கம் நல்ல ஆழத்துக்குப் பள்ளமாக நின்றது. மரநிலைகூட எடுக்காமல் அப்படியே இருந்தது. பாயும் கோணியும் சுருட்டி நான் அதில் செருகி வைத்திருந்தேன். மேஸ்திரி கோணியை இழுத்துப் போட்டுவிட்டுத் தட்டிப் பார்த்தார். "எக்கா, அலமாரி ஏற்கெனவே கீது. குறுக்க கடப்பா கல்லு வெச்சு, கதவு மாட்டினா முடிஞ்சிது வேல" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாமி கும்பிடுகிற மாதிரி அவரைக் கும்பிட்டேன். அவர் சங்கடப்பட்டு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

பொதுச் சுவரில் கைவைத்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் போகவில்லை. மேஸ்திரியே போய்க் கேட்டு வந்தார். அக்கா கேட்டைக்கூடத் திறக்காமல், "அவங்க பக்கம், அவங்க இஷ்டம்" என்றாளாம். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு எனக்கு அன்று முழுக்க ஆத்திரம். அடைத்தபோது மட்டும் எங்கள் இஷ்டத்தைக் கேட்டாளா?

கல் வைக்கிற வேலை சுருக்காக முடிந்தது. கீழே பெரிய அறை ஒன்று, மருந்தடிக்கிற டேங்கும் அரிசி மூட்டையும் நிற்கிற உயரத்துக்கு. அதற்கு மேல் கடப்பா தட்டுகள். கதவுக்குக் கார்பென்டர் வந்தார். பிளைவுட் போட்டு மைக்கா ஒட்டலாம் என்றார். இந்த ஊர் மழைக்குப் பிளைவுட் அப்பளமாக உப்பிவிடும் என்றேன் நான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய இரட்டைக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலை அடைத்தபோது கழற்றிப் போட்டது. பண்ருட்டிப் பலா மரம், பச்சைப் பெயிண்ட், ஒரு பூச்சிகூடத் துளைக்கவில்லை. கார்பென்டர் தடவிப் பார்த்துவிட்டு, "இதக் கொட்டாயில போட்டுட்டா பிளைவுட்டு தேடுறீங்க?" என்று எங்களைத் திட்டினார். அதே நிலை, அதே கீல் குழி. அளவெடுக்கவேண்டிய வேலைகூட இல்லை. பூட்டு மட்டும் புதிது.

கார்பென்டரோடு சேர்த்து நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொன்னால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நல்ல மரம் வீணாகாமல் போனதே என்று பேசிப் பேசிப் பூரித்தோம். வீட்டிலிருக்கிற ஒருத்திக்கு அது மரமில்லை, வாசல் என்பது மூன்று பேரில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

கதவு மாட்டுகிறவரை அவளைக் கொல்லையில் மாமரத்து ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் உள்ளே கூட்டிவந்தேன். கூடத்தில் கால் வைத்தவள் நின்றாள். பச்சைக் கதவைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாகிறது என்று எனக்கு நினைவில்லை. தொண்டையிலிருந்து கொக்கரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் தடவினாள், கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். "பாருங்க, அவளுக்குப் புடிச்சிருக்குது" என்று நான் பெருமையாகச் சொன்னேன். பெற்றவள் நான், சொன்னேன்.

சாமானை அடுக்குவதற்காகப் பூட்டைத் திறந்தேன். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். நெற்றி கடப்பா கல்லில் மோதியது. அவள் அதைக் கவனிக்கவேயில்லை. கல்லைப் பார்த்தாள், பின்னால் இருந்த செங்கல்லைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரியாது என்று சொல்கிற டாக்டர், சொந்தக்காரர், ஊர்க்காரர் எல்லோரும் அந்தப் பார்வையை ஒருமுறை வாங்கியிருக்கவேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகலாம், அக்கா இருப்பாள், உருட்டிக் கொடுப்பாள் என்று நினைத்திருக்கிறாள்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. விடிந்ததிலிருந்து அந்தக் கதவுதான். அறைவாள், உதைப்பாள், தலையால் முட்டுவாள். நெற்றி வீங்கி, வீக்கம் உடைந்து ரத்தம் வந்தது. தலையணையை எடுத்துக் கதவில் கட்டினேன். பிய்த்துப் போட்டாள். வேறு கதவு மாற்றலாமா என்று கார்பென்டரைக் கேட்டேன். அவர் வேறு ஊரில் வேலை பிடித்துவிட்டார், போனை எடுப்பதில்லை. பெயிண்ட் மாற்றினால் ஏமாறுவாளா என்று யோசித்து மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். ஈரப் பெயிண்டில் அவள் கை பதிந்ததுதான் மிச்சம். பெயிண்ட் கையை வாயில் வைக்காமல் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் துடைத்தேன். துடைத்து முடித்துவிட்டு அவளை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். அப்புறம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலைக்கு மேலாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் நடக்கும்போது அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிற சத்தமே வராது. ஒற்றைச் செங்கல். இங்கே மூச்சு விட்டால் அங்கே கேட்கும். ஒரு பாத்திரம் உருளுவது கேட்கும், குழாய் மூடுவது கேட்கும். ஒரு வார்த்தை மட்டும் வராது. கல்நெஞ்சக்காரி என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். கேட்டிருக்கும்.

சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துப் போட்டிருந்தேன். ஒரு மதியம் அவள் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தவள் என்னை அறியாமல் கண் அயர்ந்துவிட்டேன். எத்தனை நாள்தான் விழித்திருப்பேன்? விழித்தபோது தாலிக்கயிறு கழுத்தைவிட்டு நழுவி, முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. சாவி இல்லை. மருந்து வாடை மூக்கில் அடித்தது.

எழுந்த வேகத்தில் கால் இடறி விழுந்தேன். கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. அரிசி மூட்டை, டேங்க், பினாயில், தீப்பெட்டி, மாத்திரை எல்லாம் கூடத்தில் இறைந்து கிடந்தன. பூச்சி மருந்து டப்பா சாய்ந்து, மூடி ஓரத்தில் கசிந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அந்த நொடியில் பயத்துக்கு நடுவே, இனிமேல் காவல் காக்கவேண்டாம் என்று ஒன்று என் மனசில் ஓடியது. அந்த நினைப்பு வந்த மனசை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவள் அலமாரியின் கீழறையில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, காதைப் பின்பக்கத்துச் செங்கல்லில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வாயை முகர்ந்தேன், கையை முகர்ந்தேன், நாக்கை இழுத்துப் பார்த்தேன். எதையும் தொடவில்லை. எதைக் கண்டாலும் வாயில் போடுகிறவள், இத்தனை சாமானையும் கையால் எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அவளுக்கு அவை வழியை மறிக்கிற சாமான், அவ்வளவுதான்.

இதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? அவர் உள்ளே நுழைந்தபோது நான் தரையில் மணலைக் கொட்டி மருந்தை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"குடிக்கலங்க. வாயில வெக்கவே இல்ல. நல்லாப் பாத்துட்டேன்."

"இன்னைக்குக் குடிக்கல" என்றார்.

"அவ சாமானுக்காகத் தொறக்கல. அந்தப் பக்கம் போவணும்னு..."

"எதுக்காகத் தொறந்தா இன்னாடி? மூடி கழண்டிருந்தா?" என்றார். "என்னால இன்னொரு வாட்டி அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க முடியாது. காலைல போறோம்."

காலையில் ஆட்டோ வந்து நின்றது. அவளுடைய கவுன்கள், துண்டு, சீப்பு, தேங்காயெண்ணெய், அவள் முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற என் பழைய புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தேன். வைத்தேன் என்றால், என் கை வைத்தது. அவள் எழுந்ததுமே கீழறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் கூப்பிட்டார், பிஸ்கட் காட்டினார், கெஞ்சினார். கடைசியில் குனிந்து கையைப் பிடித்து இழுத்தார். அவள் கடப்பா கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தினாள். கல் விளிம்பு அவள் விரலை அறுத்து ரத்தம் வந்தது. அவரும் அழுதுகொண்டேதான் இழுத்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் மரம் மாதிரி நின்றேன். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. சுவரைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா! நீ ஒரு வார்த்த வெளிய வாடின்னு சொல்லு. நீ சொன்னாத்தான் வருவா. கை அறுபடுது அக்கா, சொல்லு!"

அவர் இழுப்பதை நிறுத்தினார். அவளும் கத்துவதை நிறுத்தினாள். அப்புறம் செங்கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி குரல் வந்தது.

"எங்க இட்டுக்கினு போறீங்க அவள?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். ஹோம் என்று சொன்னேன், எங்கே என்று சொன்னேன், ஏன் என்று சொன்னேன். பினாயிலிலிருந்து நேற்றைய மருந்து வரைக்கும் சுவரைப் பார்த்து ஒப்பித்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அப்போது அந்தப் பக்கத்துக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அக்கா எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். உள்ளே வரவில்லை. அலமாரி இருக்கிற பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் தாங்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. சுவரோரமாக நான் கூட்டி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அவள். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் டா போடுவாள்.

"அவளுக்கும் இந்தச் சாமானுக்கும் ஒரே வூட்ல எடம் இல்லன்னா, சாமான அனுப்புடா. ஏன்டா அவள அனுப்புற?"

அவர் அலமாரி ஓரத்திலிருந்து எழுந்து நின்றார்.

"என் வூட்டுக்குள்ள அவள வுடமாட்டேன். எம்பேரன் வருவான், எம்பொண்ணுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். அது அதுதான்" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "ஆனா சாமானுக்கு அந்த வாக்கு இல்ல. கொண்டாந்து வை. எப்ப வேணுமோ வந்து கேட்டு வாங்கிக்க."

ஆட்டோவைத் திருப்பி அனுப்பினோம். நான் பினாயிலையும் மருந்து டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் டேங்க், அரிவாள்மனை, கத்தி, தீப்பெட்டி, மாத்திரை. ஒவ்வொரு நடையிலும் அக்கா கேட்டுக்கு உள்ளே நின்று வாங்கிக்கொண்டாள். கடைசி நடையில் அவள் கை என் கை மேல் பட்டது. இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டோம். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பை காலியாகக் கிடந்தது. கவுன்களை மேல் தட்டில் அடுக்கியிருந்தார், கோணல்மாணலாக.

இப்போது அந்த அலமாரியில் அவள் துணியும் அவளும்தான். கதவுகளைச் சாத்துவதில்லை. பகல் முழுக்க கீழறையில் உட்கார்ந்திருக்கிறாள், காதைச் செங்கல்லில் வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் அக்கா சமைத்துக்கொண்டே, "இன்னைக்கி முருங்கக்கீரடி. உனக்குப் புடிக்காது, தெரியும், போ" என்று பேசுவது எனக்கும் கேட்கும். நான் அசையாமல் நிற்பேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ஒரு வெங்காயம் அரிய வேண்டுமென்றால் நான் தெருவைச் சுற்றிப் போய், "அக்கா, கத்தி" என்று கேட்கவேண்டும். அடுப்புப் பற்றவைக்க, "அக்கா, தீப்பெட்டி." வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தெருவில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் ஹோமுக்குப் போன் செய்து, அவளை அனுப்பவில்லை என்று இன்னும் சொல்லவில்லை. "பாப்போம்" என்கிறார். அவர் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும், அவள் கவுன்கள் தட்டில்தான் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்கு மூட்டுவலி, சர்க்கரை. எனக்கும் தலை சுற்றல் வந்துவிட்டது.

போன வாரம் கத்தியை வாங்கும்போது வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். "அக்கா, எனக்கப்புறம் இவள யாரு பாப்பாங்க?"

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள், ஒரு பொய்யாவது சொல்லுவாள் என்று நின்றேன்.

"எனக்குத் தெரியலமே" என்றாள். "போ. அவ தனியா கீறா."

கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.